பழைய எகிப்தியப் பொருட்களை வைத்துச் சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையை எப்படிச் சொல்கிறார்கள்? கிடைப்பதெல்லாம் அரசர்களின் தங்கம்தானே?

எகிப்திய அரசன் துட்டன்காமுனின் தங்க முகமூடிப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த முகமூடியை ஆயுசுக்கும் பார்த்தாலும், அன்றைக்கு ஒரு கல்தச்சன் வீட்டில் காலையில் என்ன வேலை நடந்தது என்று தெரியாது. அதற்கு உரல் வேண்டும், உடைந்த சட்டி வேண்டும், பானை அடியில் காய்ந்து ஒட்டிய கசடு வேண்டும். தங்கத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். துட்டன்காமுன் கல்லறையிலேயே லினன் கோவணங்களும் ரொட்டியும் இருந்தன. அவற்றை யாரும் படம் போடுவதில்லை, அவ்வளவுதான்.

ரொட்டியையே எடுத்துக்கொள்வோம். எகிப்தியர் விளைவித்த முக்கியமான கோதுமை எம்மர். இன்றைய கோதுமை மாதிரி களத்தில் அடித்தால் மணி உதிராது. கதிர் துண்டு துண்டாக உடையும், மணி மட்டும் நெல்லைப் போல உமிக்குள்ளேயே இறுகிக் கிடக்கும். அரைப்பதற்கு முன் குத்தியே ஆக வேண்டும். கி.மு. 1350 வாக்கில் அக்கெனாட்டன் என்ற அரசன் எழுப்பிய அமர்னா நகரை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பில், தரையில் பதித்த சுண்ணாம்புக்கல் உரல்கள் அப்படியே கிடைத்தன. டெல்வென் சாமுவேல் என்ற தொல்தாவர ஆய்வாளர் அதே முறையில் குத்திப் பார்த்தார். காய்ந்தபடி குத்தினால் மணி நொறுங்கிப் போகும். கொஞ்சம் தண்ணீர் தெளித்து மர உலக்கையால் குத்தினால் உமி இளகி, ஒன்றோடொன்று உரசிக் கழன்றுவிடும், மணி பெரும்பாலும் முழுசாக நிற்கும். பிறகு காயவைத்து, புடைத்து, சலித்து, மிச்சத்தைக் கையால் பொறுக்க வேண்டும். நெல் குத்திய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அரைத்தது நம் அம்மி மாதிரியான கல்லில். குழவியை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். கீசா பிரமிடுகள் எழுந்த 'பழைய அரசு' காலத்துச் சிலைகளில் பெண்கள் தரையில் மண்டியிட்டு அரைக்கிறார்கள். அமர்னா காலத்தில் அதே கல்லை மண்செங்கல் மேடையில் ஏற்றிவிட்டார்கள். முழங்காலுக்கு விடுதலை, மாவும் மண்ணில் சிந்தாது.

இங்கே ஒரு பழைய கதையை நிறுத்த வேண்டும். "சீக்கிரம் அரைபட மாவில் மணலைச் சேர்த்தார்கள், அதனால்தான் மம்மிகளின் பல் தேய்ந்திருக்கிறது" என்பார்கள். பல் தேய்ந்தது உண்மை. ஆனால் மணலே சேர்க்காமல் அரைத்துப் பார்த்தபோது மாவு நன்றாகவே வந்தது. எவ்வளவு நைசாக வேண்டுமோ அதுவரை தள்ளினால் போதும். பாலைவனக் காற்றும் தேயும் கல்லும் இருக்கும் ஊரில் மணல் தானாகவே வந்து சேரும்.

சுடும் விதம் இடத்துக்கு இடம் மாறும். வீட்டில் தந்தூர் மாதிரி உருளை மண் அடுப்பு. கீசாவில் பிரமிடு கட்டியவர்களுக்காக இயங்கிய ரொட்டிக்கூடம் ஒன்றை 1991-ல் தோண்டினார்கள், அங்கே கோயில் மணி வடிவக் கனமான மண் அச்சுகள். 'புதிய அரசு' காலக் கோயில்களில் (அமர்னாவும் அந்தக் காலம்தான்) ஒல்லியான நீள அச்சு. அதை உடைத்தால்தான் ரொட்டி வெளியே வரும். அதனால்தான் அமர்னா பெரிய கோயில் பக்கத்தில் ஓடு மலையாகக் குவிந்திருக்கிறது. அருங்காட்சியகத்தில் அந்த ஓட்டுக்கு "பானைத் துண்டு" என்று மட்டும் சீட்டு ஒட்டினால் பார்க்கிறவருக்கு என்ன புரியும்?

அடுத்தது பீர். அரைவேக்காட்டு ரொட்டியைத் தண்ணீரில் பிசைந்து புளிக்க வைத்தார்கள் என்றுதான் கல்லறைச் சித்திரங்களையும் கல்லறையில் வைத்த மரப் பொம்மைகளையும் பார்த்து நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 1996-ல் சாமுவேல் பானைக் கசடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சில மாவுத்துகள்களில் குழி விழுந்திருந்தது: முளைகட்டிய தானியம், மாவைச் சர்க்கரையாக்கும் நொதி அரித்திருக்கிறது. சில ஊதிக் கூழாகியிருந்தன: தண்ணீரில் நன்றாக வெந்தவை. ஆக, ஒரு பங்கை முளைகட்டி வேகவைக்காமல் வைத்துக்கொண்டு, இன்னொரு பங்கை வேகவைத்து, இரண்டையும் கலந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கொதிக்க விட்டால் நொதி செத்துவிடும், சர்க்கரை வராது. எதையுமே வேகவைக்காவிட்டால் மாவுச்சத்து லேசில் கரையாது. எல்லாப் பீரும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. சோதித்த கசடு சொல்வது இது.

எழுத்துச் சான்றும் உண்டு. தேர் எல்-மதீனா என்ற எகிப்தியக் கிராமத்தில் குடியிருந்து அரசர்களின் கல்லறை குடைந்த தொழிலாளர்களின் வருகைப் பதிவு ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆட்சியாண்டில் 280 நாட்களுக்கு, 40 பேருக்கு, சுண்ணாம்புக்கல் பலகையில் எழுதியது. தேதி கறுப்பு மையில், அதன் மேல் வேலைக்கு வராத காரணம் சிவப்பு மையில். தேள் கடித்தது, கண் வலி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பீர் காய்ச்சினான். லீவுக்குக் காரணமாக எழுதுகிற அளவுக்குப் பீர் காய்ச்சுவது நேரம் இழுக்கிற வேலை.

கூலியும் தானியம்தான். மாதம் 4 மூட்டை எம்மர், 1.5 மூட்டை பார்லி. மூட்டைக்குச் சுமார் 77 லிட்டர். மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆண்டில் அது வராமல் போனபோது வேலையை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. "பிரமிடில் கிடைத்த விதையை முளைக்க வைத்த கோதுமை" என்று விலையை ஏற்றி விற்கிறார்களே, நம்பாதீர்கள். மூவாயிரம் வருடத்துக் கல்லறைத் தானியம் முளைக்காது, கரு எப்போதோ செத்திருக்கும். எம்மர் வேண்டுமென்றால் எகிப்து வரை போக வேண்டாம். மகாராஷ்டிரத்தில் கப்லி, நம்மிடம் சம்பா கோதுமை என்பது அந்த இனம்தான். கடையில் அந்தப் பெயரில் வருவதெல்லாம் அசல் என்று நான் கையெழுத்துப் போடவில்லை. உமியோடு கிடைத்தால் வாங்கி, தண்ணீர் தெளித்து உரலில் ஒரு படி குத்திப் பாருங்கள்.