வாசகர் கேள்வி – பதில்: கோடை விடுமுறையில் இறையியல்

கேள்வி: என் மகன் பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருக்கிறான். சிறு வயது முதல் ஞாயிறு பள்ளிக்கும் வி.பி.எஸ். எனப்படும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் தவறாமல் போனவன். இப்போது, வேளாங்கண்ணிக்கு வந்த பயணிகளை 2004ஆம் ஆண்டு சுனாமி ஏன் வாரிக்கொண்டு போனது என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் சபையில் மே மாதம் மாணவர்களுக்குப் பத்து நாள் இறையியல் முகாம் நடத்துகிறார்கள். அனுப்பினால் இருக்கிற விசுவாசமும் போய்விடுமோ என்று எனக்குப் பயம். படிப்பை விட்டுவிட்டு ஊழியத்துக்குக் கிளம்பிவிடுவானோ என்று அவன் தந்தைக்குப் பயம். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: தயங்காமல் அனுப்புங்கள், சகோதரி. கடவுள் நல்லவர் என்று நம்புகிறவனுக்குத்தான் அந்தச் சாவுகள் உறுத்தும். ஆகவே உங்கள் மகனின் கேள்வியைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. பாட்டும் கதையுமாக வி.பி.எஸ். அவனுக்குக் கொடுத்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளியில் பரிணாமக் கொள்கையும் உலக வரலாறும் படிக்கிற பிள்ளைக்குச் சபையில் மட்டும் பழைய பாடத்தையே திரும்பத் திரும்பக் கொடுத்தால், தன் கேள்விக்கு இங்கே இடமில்லை என்று எண்ணி அவன் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுவான். பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே உறுதிசெய்யும் திடப்படுத்தல் சடங்கு முடிந்த கையோடு முறையான போதனையும் நின்றுபோகும் சபைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

வேதாகமத்தில், குற்றமற்றவனாக இருந்தும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துன்பம் பாவத்தின் பலனே என்று சொல்லி, நண்பர்கள் கடவுளுக்காக வக்காலத்து வாங்குகிறார்கள். யோபுவோ கடவுளிடமே வழக்காடுகிறான். கடைசியாக, 42ஆம் அதிகாரத்தில், கடவுளின் கோபம் அந்த நண்பர்கள்மேல்தான் மூளுகிறது. 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களுக்குள் ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்கு முறை எழுகிறது, நம்பிக்கையோ ஐந்தாம் வசனத்தில்தான் வருகிறது. நல்ல ஆசிரியர் இந்தச் சங்கீதத்தை வாசிக்கச் செய்து, ஒவ்வொரு மாணவரும் தம்முடைய ‘எதுவரைக்கும்’ எதுவென்று ஒரு தாளில் எழுதும்படி கேட்பார். உங்கள் மகன் அதில் வேளாங்கண்ணியைப் பற்றி எழுதட்டும். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லி முடித்துவிடுகிறவரைக் காட்டிலும், தமக்கும் விடை தெரியாது என்று ஒப்புக்கொண்டு அவனோடு உட்கார்ந்து ஜெபிக்கிறவரே அவனுக்குத் தேவை.

இத்தகைய முயற்சி வேறு நாடுகளிலும் உண்டு. அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் கேண்ட்லர் இறையியல் பள்ளி 1993இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்றே ஒரு கோடைக்கால இறையியல் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை மாணவர்களுக்கோ பாடம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. பிரிந்திருந்த புராட்டஸ்டண்ட் சபைகளை ஒன்றாக்க 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஐக்கியப் பேச்சு 28 ஆண்டுகள் நீடித்து, 1947 செப்டம்பர் 27 அன்று கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக (சி.எஸ்.ஐ.) நிறைவேறியது. பேராயர் (பிஷப்) வேண்டும் என்ற, இங்கிலாந்துத் திருச்சபை மரபினரான ஆங்கிலிக்கரும், பேராயர் இல்லாமலே சபை நடத்திவந்த பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலிஸ்டுகளும் எப்படி ஒரே சபையானார்கள் என்பதை அந்த ஆலயத்தின் பெஞ்சுகளிலேயே மாணவர்களை உட்காரவைத்து விவாதிக்கச் செய்தால், கருத்து வேறுபாட்டோடு ஒன்றாக வாழ்வதும் விசுவாசத்தின் ஒரு பகுதியே என்பது அவர்களுக்கு விளங்கும்.

அவன் தந்தையிடம் சொல்லுங்கள்: போதகராக வேண்டுமென்றால் சபையின் பரிந்துரை பெற்று, கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி போன்ற ஒன்றில் பல ஆண்டுகள் படிக்க வேண்டும். பத்து நாள் முகாம் யாரையும் அந்த முடிவுக்குத் தள்ளிவிடாது. நீட் பயிற்சி வகுப்பு இருந்தால், காலையில் மட்டும் முகாமுக்கு வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பணம் கட்டும் முன் கால அட்டவணையை வாங்கிப் பார்த்து, கேள்வி நேரத்துக்கு எவ்வளவு இடம் தந்திருக்கிறார்கள், யார் கற்பிக்கிறார்கள், இரவு தங்கல் என்றால் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்பவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கேள்வி நேரமே இல்லாத முகாமுக்கு அனுப்ப வேண்டாம்.

கேள்வி: நான் கத்தோலிக்க மாணவி. என் தோழியின் சி.எஸ்.ஐ. சபையில் நடக்கும் இறையியல் முகாமுக்கு என்னையும் அழைக்கிறாள். போகலாமா?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, தாம்பரம்

பதில்: பெற்றோரிடமும் பங்குத்தந்தையிடமும் சொல்லிவிட்டு மகிழ்ச்சியோடு போய் வாருங்கள், மகளே. 325இல் நிசேயா நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் உருவாகி 381இல் விரிவாக்கப்பட்ட விசுவாசப் பிரமாணத்தை, அதாவது நம்பிக்கை அறிக்கையை, இரு சபையினரும் அறிக்கையிடுகிறோம். உங்கள் விவிலியத்தில் 73 நூல்களும் தோழியின் வேதாகமத்தில் 66 நூல்களும் இருப்பது ஏன் என்று முதல் நாளே கேளுங்கள். இருவருக்கும் அது நல்ல தொடக்கமாக இருக்கும். இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உழைத்து 1995இல் வெளியான தமிழ் விவிலியப் பொது மொழிபெயர்ப்பையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முகாமில் திருவிருந்து ஆராதனை நடந்தால் கூடியிருந்து ஜெபிக்கலாம். ஆனால் அப்பத்தையும் திராட்சரசத்தையும் பெறுவது பற்றி உங்கள் திருச்சபையின் ஒழுங்கு வேறு என்பதால், பங்குத்தந்தையிடம் அதை முன்பே கேட்டுக்கொண்டு, முகாம் பொறுப்பாளரிடமும் தெரிவித்துவிடுங்கள்.