மகன் இடக்கையால் எழுதுகிறான், மாற்றணுமா?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது, யுகேஜி படிக்கிறான். பென்சில், ஸ்பூன், கிரேயான் எல்லாம் இடக்கையில்தான். "பீச்சாங்கைக்காரன்னு நாளைக்கு ஊரே சிரிக்கும்" என்று மாமியார் அந்தக் கையைத் தட்டிவிடுகிறார். பள்ளியில் மிஸ்ஸோ, "விடுங்க, அவன் போக்குல எழுதட்டும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: மிஸ் பேச்சை.

ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு இடக்கைதான் வாகு. அது மூளையின் அமைப்போடு வருவது. சோம்பலோ திமிரோ இல்லை. நானும் அந்தக் கூட்டம்தான். ஸ்கேலால் விரல் மொளியில் அடி வாங்கி வாங்கி வலக்கைக்கு மாறினேன். இன்றும் பல் துலக்குவதும் ஊசியில் நூல் கோர்ப்பதும் இடக்கைதான். என் கையெழுத்தை மருந்துக் கடைக்காரர் மட்டும்தான் படிப்பார்!

அவனுக்கு உண்மையான சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழை இடமிருந்து வலமாக எழுதுகிறோம். அதனால் இடக்கைப் பிள்ளை எழுதிய எழுத்தின் மேலேயே கை நகர்ந்து போகும். சாயங்காலம் அவன் சுண்டுவிரல் ஓரத்தைப் பாருங்கள், பென்சில் கரி அப்பியிருக்கும். சிலேட்டு என்றால் எழுத எழுத அழிந்துவிடும். எழுதியது தெரியட்டும் என்று மணிக்கட்டைக் கொக்கி மாதிரி வளைப்பான், கை கடுக்கும். அதற்கு நோட்டை நேராக வைக்காமல், அதன் இடது மேல்முனை உயரும்படி வலப்பக்கம் சற்றே சாய்த்து வையுங்கள். பென்சிலை முனையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பிடிக்கட்டும். பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிக்காது. எழுத்தைத் திருப்பிப் போட்டால் பயப்படாதீர்கள். இந்த வயதில் வலக்கைப் பிள்ளைகளும் அப்படி எழுதுவதுண்டு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு வயதுக்கு முன்பே குழந்தை ஒரே கையை மட்டும் நீட்டினாலோ, இதுவரை பயன்படுத்திய கையைத் திடீரென்று விட்டுவிட்டாலோ குழந்தை நல மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றக் கையில் பலக்குறைவு இருக்கலாம். உங்கள் மகன் விஷயம் அதுவல்ல.

மாமியாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். விபூதி வாங்குவதும் மொய் கொடுப்பதும் வலக்கையால் என்றால் அதைப் பிள்ளை விளையாட்டாகவே கற்றுக்கொள்வான், அதில் கெடுதல் இல்லை. சோற்றைப் பிசைய எந்தக் கை வாகோ, அந்தக் கையை நன்றாகக் கழுவிவிட்டால் போதும். பென்சிலை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2020 டிசம்பரில் நம்ம சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜன் இந்தியாவுக்காக ஆஸ்திரேலியாவில் ஆடியதை உங்கள் மாமியாரும் டிவியில் பார்த்திருப்பார். எந்தக் கையால் பந்து போட்டார் என்று கேட்டுப் பாருங்கள். பந்து என்றால் இடக்கை பெருமை, பென்சில் என்றால் அவமானமா?

கத்தரிக்கோல் மட்டும் இடக்கைக்கென்றே செய்ததாக வாங்குங்கள். சாதாரணக் கத்தரியை இடக்கையில் பிடித்தால் வெட்டும் கோட்டை மேல் அலகு மறைத்துவிடும், காகிதமும் வெட்டுப்படாமல் மடங்கும்.