பாராதைராய்டு ஆபரேஷன்: எந்த சர்ஜனிடம் போவது?

பாராதைராய்டு என்பது கழுத்தில் தைராய்டை ஒட்டியிருக்கும், ரத்தத்தில் கால்சியம் அளவைக் கவனிக்கும் சின்னச் சுரப்பி. அதில் கட்டி வந்தால் கால்சியம் கூடிவிடும். முப்பது வருடங்கள் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுத்தவள் நான். கத்தி பிடித்ததில்லை, பிடித்தவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சர்ஜனைத் தேர்ந்தெடுப்பது பற்றிக் கேளுங்கள். ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லச் சொன்னால் பதில் வராது.

சுமதி: கால்சியம் 11.2, பி.டி.எச். (பாராதைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அளவும் கூடுதல். ஆபரேஷன்தான் என்கிறார்கள். இரண்டு சர்ஜன்களைச் சொன்னார்கள். யாரிடம் போவது, டாக்டரம்மா?

இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள் சுமதி: "போன வருடம் பாராதைராய்டு மட்டும் எத்தனை செய்தீர்கள்?" "கழுத்து ஆபரேஷன் நூற்றுக்கணக்கில் செய்கிறேன்" என்றால் அதில் பாதிக்கு மேல் தைராய்டாக இருக்கும். பிரித்துக் கேளுங்கள். கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள். அடிக்கடி செய்கிறவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

எண்ணிக்கையை ஏன் கேட்கச் சொல்கிறேன்? இந்தச் சுரப்பி சாதாரணமாக ஒரு பருப்பு அளவு, 30 முதல் 50 மில்லிகிராம். பெரும்பாலோருக்கு நான்கு, சிலருக்கு ஐந்து. சுற்றியிருக்கும் கொழுப்பு வெளிர் மஞ்சள், சுரப்பி அதைவிடக் கொஞ்சம் பழுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். சிறிது ரத்தம் கசிந்தாலும் இரண்டும் ஒரே நிறமாகிவிடும். நல்ல சர்ஜன் மெதுவாகத்தான் போவார். ஒரு சொட்டு ரத்தம் வந்தால் அதை நிறுத்தாமல் அடுத்த அடி வைக்கமாட்டார். பக்கத்திலேயே குரல் நரம்பு ஓடுகிறது.

கீழ்ச் சுரப்பிகள் நெஞ்சுக்குள் இறங்கியும் இருக்கலாம். சார்லஸ் மார்ட்டெல் என்ற அமெரிக்கக் கப்பல் கேப்டனுக்கு ஆறு ஆபரேஷன் செய்தும் கட்டி அகப்படவில்லை. 1932-இல் ஏழாவது முறைதான் நெஞ்சுக்குள் கண்டுபிடித்தார்கள். அதற்குள் உடம்பு நைந்துபோய், சில வாரங்களில் இறந்துவிட்டார். அதனால் இரண்டாவது கேள்வி: "திறந்து பார்த்து, நினைத்த இடத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?" எங்கெங்கே தேடுவார் என்று வரிசையாகச் சொல்லவேண்டும். "அதெல்லாம் இருக்கும்மா" என்பது பதில் இல்லை.

கார்த்திக்: ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. அப்படியானால் நோய் இல்லையா?

நோய் இருக்கிறதா என்பதை ரத்தமும் சிறுநீரும் சொல்லும். எங்கே இருக்கிறது என்பதை ஸ்கேன் சொல்லும், சில நேரம் சொல்லாது. ஸ்கேனில் தெரியாவிட்டால் அனுபவமுள்ள சர்ஜன் இன்னும் அதிகமாகத் தேவை.

ரகு: ஒன்றைக் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு சுரப்பியில்தான் கட்டி. ஸ்கேனில் அது தெரிந்தால் சின்னக் கீறல் போட்டு எடுத்துவிட்டு வரலாமே? நான்கையும் தேடுவது பழைய காலத்து முறை.

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுதான், பத்தில் எட்டுப் பேருக்கு மேல். மீதிப் பேரை என்ன செய்வது? சின்னக் கீறலுக்கு நான் எதிரியில்லை. எடுத்தபின் தியேட்டரிலேயே பி.டி.எச். பார்க்க வசதியிருந்தால் தாராளமாகச் செய்யலாம். அந்த ஹார்மோன் சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து பாதியாகக் குறைந்துவிடும். கட்டியை எடுத்து பத்து நிமிடம் கழித்து ரத்தம் எடுத்தால், குறைந்தது பாதியாவது இறங்கியிருக்க வேண்டும்.

ரகு: அதற்காக அரை மணி நேரம் மயக்கத்தில் காத்திருக்க வேண்டுமா? ஸ்கேன் இரண்டு வகையிலும் ஒரே இடத்தைக் காட்டினால்?

காத்திருந்தது நான்தான் ரகு, மயக்கம் கொடுத்துக்கொண்டு! ஒரு நாள் அப்படித்தான், இரண்டு ஸ்கேனும் இடது பக்கம் கீழே என்றன. அங்கேயே இருந்தது, அழகாக எடுத்தார். கிண்ணத்தில் கட்டி, கழுத்தின்மேல் ஈரத் துணி, சர்ஜன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். லேபிலிருந்து போன்: பாதியாகக்கூட இறங்கவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. துணியை எடுத்தார், வலது பக்கம் போனார். மேலே இன்னொன்று. அன்று தையல் போட்டு அனுப்பியிருந்தால் அந்த அம்மா சில மாதத்தில் திரும்பி வந்திருப்பார், தழும்பேறிய கழுத்தோடு.

ரகு: ஒரு நோயாளியை வைத்து முடிவு சொல்கிறீர்கள்.

சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்த ஒருத்தர் நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள் என்பதோடு விடுகிறேன். மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

ஜெயந்தி: எனக்கும் ஸ்கேன் நார்மல். ஆபரேஷன் தேவையா?

கார்த்திக்குக்குச் சொன்ன பதில்தான். கூடவே ஒன்று: 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் பார்த்தார்களா? பரம்பரையாக வரும் ஒரு நிலையில் ரத்தத்தில் கால்சியம் கூடுதலாகவும் சிறுநீரில் குறைவாகவும் இருக்கும். அவர்களுக்கு இந்த ஆபரேஷன் பயன்படாது. இதைப் பார்க்காமல் தேதி கொடுப்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

செல்வம்: சிறுநீரகக் கல்லுக்கு நல்ல சர்ஜன் யார்?

யூராலஜி டாக்டரைப் பாருங்கள், என் துறை இல்லை. கல் திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரியா: ஸ்கேன் நார்மல் என்றால்…

மேலே, பிரியா. இரண்டு முறை சொல்லியாகிவிட்டது.

நசீமா: காது மூக்கு தொண்டை சர்ஜனா, எண்டோகிரைன் (ஹார்மோன் சுரப்பி) சர்ஜனா?

போர்டைப் பார்க்காதீர்கள். எண்ணிக்கையைக் கேளுங்கள்.

முருகன்: அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்து மூன்று நாள். உதடு மரத்துப்போகிறது, விரல் நுனி குறுகுறுக்கிறது.

இங்கே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். கால்சியம் இறங்கியிருக்கலாம். இப்போதே அவர் டாக்டருக்கு போன் போடுங்கள். கை இழுத்தால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

ஆனந்தி: முதல் ஆபரேஷனில் கிடைக்கவில்லை. அதே சர்ஜன் மறுபடி செய்கிறேன் என்கிறார்.

அவசரம் வேண்டாம். முதலில் நோய்தானா என்று மறுபடி உறுதி செய்யவேண்டும், அந்தச் சிறுநீர்ப் பரிசோதனை உட்பட. அடுத்து, இரண்டு வகை ஸ்கேன். முதல் முறைக்கு இல்லாவிட்டாலும் இரண்டாம் முறைக்கு இடம் தெரியாமல் கை வைக்கக்கூடாது. தழும்புக்குள் குரல் நரம்பைத் தேடுவது வேறு வேலை. குரல்வளையை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள், ஒரு பக்க நரம்பு ஏற்கெனவே அடிபட்டிருந்தால் இப்போதே தெரியவேண்டும். மறு ஆபரேஷன்களை அடிக்கடி செய்கிறவரிடம்தான் போகவேண்டும். போகும்போது பழைய ஆபரேஷன் குறிப்பும் பயாப்ஸி ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். எந்தச் சுரப்பியைப் பார்த்தார், எதை எடுத்தார் என்பது அதில்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டி இதுதான் என்பார்கள். அது இல்லை. ஆபரேஷன் குறிப்பு என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.