பாட்டிலில் அடைப்பதை அடுத்த வருஷம் பார்க்கலாம்

கேள்வி: கோவை வேலையை விட்டுவிட்டு காங்கேயம் பக்கம் 1 ஏக்கர் தோட்டத்துக்கு வந்துவிட்டோம். விளைவதைப் பத்திரப்படுத்தி, கடைக்குப் போவதைக் குறைக்க ஆசை. வீடியோக்களில் வருவதுபோல் பீன்ஸ், பீட்ரூட், தக்காளியைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்துக் குக்கரில் வைக்கலாமா? முதலில் எதைக் கற்றுக்கொள்வது?

பதில்: பீன்ஸ், பீட்ரூட் இரண்டும் பாட்டிலில் வேண்டவே வேண்டாம். மண்ணில் வாழும் பொட்டுலினம் கிருமியின் வித்துகள், தண்ணீர் கொதித்தாலும் சாகாது. புளிப்பில்லாத காயைக் காற்றுப் புகாமல் மூடி வெளியில் வைத்தால், அவை முளைத்து உயிரை எடுக்கும் நஞ்சை உண்டாக்கும். நிறத்திலும் வாசனையிலும் வித்தியாசமே தெரியாமல் போகலாம். அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி வெப்பம் குறித்த நேரம் வரை நின்றால்தான் வித்துகள் அழியும். சோறாக்கும் குக்கருக்கு அப்படிச் சோதித்து வகுத்த நேரக் கணக்கு கிடையாது. விசில் எண்ணி அதை ஈடுகட்ட முடியாது. தக்காளியின் புளிப்பும் பாதுகாப்பு எல்லையை ஒட்டியே நிற்கிறது, எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ அளந்து சேர்க்காமல் அடைக்கக் கூடாது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அறுவடைக்குப் பின்சார் தொழில்நுட்பத்துக்குத் தனி மையமே இருக்கிறது. அங்கே நேரில் பயிற்சி பெற்ற பிறகு தொடங்குங்கள்.

உங்கள் ஊருக்கு வாய்த்திருப்பது வெயில். முதலில் காயவைக்கப் பழகுங்கள். மாசி, பங்குனி, சித்திரை தோதான மாதங்கள். ஆனி, ஆடியில் காற்று பலமாக இருந்தாலும் மேகமும் புழுதியும் சேர்ந்து வரும், வற்றலுக்கு ஆகாது.

கொத்தவரையில் தொடங்குங்கள். உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, வடித்து, பழைய வேட்டியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். மேலே மெல்லிய துணி போட்டு மூடுங்கள். பனி இறங்கும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சூடு ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். முதல் வாரம் கண்ணாடி பாட்டிலில் வைத்துத் தினமும் பாருங்கள். உள்பக்கம் ஆவி படிந்தால் மறுபடி வெயில்தான். பூசணம் பிடித்துவிட்டால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், மேலாக நீக்கிவிட்டுச் சாப்பிடாதீர்கள். இந்தப் பக்குவம் கைவந்துவிட்டால் சுண்டைக்காய், மோர் மிளகாய் எல்லாம் சுலபம்.

அடுத்தது பயறு. வருஷம் முழுக்கச் சோற்றுக்குத் துணை நிற்பது இதுதான், ஆனால் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதே இல்லை. துவரை, தட்டைப்பயறில் விழும் வண்டு வீட்டில்தான் வந்து சேர்கிறது என்று நினைக்கிறோம். காட்டில் காய் முற்றும்போதே முட்டை ஏறிவிடுகிறது. அதனால் டப்பா எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் உள்ளிருந்தே பொத்தல் விழும். அறுத்து அடித்த கையோடு நல்ல வெயிலில் காயப்போடுங்கள். கடித்தால் பல்லில் பதியாமல் உடைய வேண்டும். நம் பக்கத்துச் செம்மண் கட்டும் முறையை அக்கம்பக்கத்தில் வயதானவர்களிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்: செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்து, துவரையில் பிசறி, இரவு குவித்து வைத்து, பிறகு நன்றாகக் காயவைப்பார்கள். மண் போர்த்திய பருப்பில் வண்டு எளிதில் ஏறாது. திருகையில் உடைக்கும்போது தோலும் சுலபமாகக் கழலும். சமையலுக்கு உள்ளதை உடைத்துப் பருப்பாக்கி வையுங்கள். உடைத்த பருப்பை இந்த வண்டு அவ்வளவாகத் தொடாது.

சின்ன வெங்காயம் போட்டிருந்தால் தாள் நன்றாக வாடிய பிறகே காற்றோட்டமான வெங்காயப் பட்டறையில் (சேமிப்புக் கொட்டகையில்) வையுங்கள். அவ்வப்போது அழுகலைப் பொறுக்குங்கள்.

மெஷின் எதுவும் இப்போது வாங்க வேண்டாம். ஒரு சின்னத் தராசு மட்டும் வாங்குங்கள். ஊறுகாய் கெடுவதற்குப் பெரும்பாலும் ஈரக் கையும் குறைந்த உப்பும்தான் காரணம். கண்ணளவை நம்பாமல், 1 கிலோ மாங்காய்த் துண்டுக்கு 150 முதல் 200 கிராம் உப்பு நிறுத்துப் போடுங்கள்.