நான்கடி உயரமும் பக்கத்து வீடும்

அன்புள்ள ஐயா,

நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். கும்பகோணத்தில் எனக்கிருந்த பூர்வீக வீட்டுப் பங்கை விற்று, மகனுக்கு அருகில் இருக்கலாம் என்று சென்னை மடிப்பாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறி ஓராண்டாகிறது. கிரகப்பிரவேசத்துக்குத் தெரு முழுவதும் பத்திரிகை வைத்தோம். மூன்று வீட்டார் வந்தார்கள். தீபாவளிக்கு என் மனைவி பலகாரத் தட்டுடன் வீடு வீடாகச் சென்றாள், வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இடப்பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஐப்பசி மழையில் ஒருநாள் தெருவில் நின்றபடி, "உங்களுக்கென்ன சார், நாலடி மேல உட்கார்ந்திருக்கீங்க" என்றார். பொறியாளரின் யோசனைப்படி பேஸ்மட்டத்தை நான்கடி உயர்த்தியது உண்மைதான்; அதில் இவருக்கு என்ன வருத்தம்? பிறகு யாரோ புகார் கொடுக்க, மாநகராட்சி ஆட்கள் வந்து எங்கள் வாசல் ராம்ப்பில் பாதியை இடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் வைத்த ரசம் நான்கு வீட்டுக்குப் போகும். நகரத்து மனிதர்களுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா? இவர்களோடு எப்படித்தான் பழகுவது?

(பெயர் வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கும் வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

பத்திரிகை வைத்ததையும் பலகாரத் தட்டையும் வருத்தத்தோடு எழுதியிருக்கும் நீங்கள், பேஸ்மட்டத்தைப் போகிற போக்கில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்து செல்கிறீர்கள். என் பார்வையில் உங்கள் கடிதத்தின் மையமே அந்த நான்கடிதான். அந்தப் பெரியவருக்கு உங்கள் மேல் கோபமில்லை, உங்கள் மனையின் உயரத்தின் மேல்தான் கோபம் என்று நினைக்கிறேன். அதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லியும் விட்டார்.

மடிப்பாக்கம், புழுதிவாக்கம், வேளச்சேரி எல்லாம் ஏரிகளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் சூழ்ந்த தாழ்நிலம். மடிப்பாக்கம் 2011-இல்தான் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அதற்குள் மனைகள் விற்று, தெருக்கள் உருவாகி, மக்கள் குடியேறி முடிந்திருந்தது. அன்று வீடு கட்டியவர்கள் சாலையைவிட ஓரடி, இரண்டடி உயர்த்தினால் போதுமென்று கட்டினார்கள். பிறகு ஒவ்வொரு முறையும் பழைய சாலையின் மேலேயே புதுத் தார் போடப்பட்டுத் தெரு வளர்ந்துகொண்டே போனது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டுமென்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு கண்டிப்பாக அறிவுறுத்தினார். ஆனால் அதற்குள் ஏறிய உயரம் ஏறியதுதான். படியேறிப் போன வீட்டுக்குள் இன்று படியிறங்கிப் போகிறவர்கள் அந்தப் பகுதிகளில் ஏராளம்.

இதற்கு மேல் 2015 வந்தது. டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழை தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்த பிறகு, வீடு கட்ட வருகிற ஒவ்வொருவரும் முன்னால் கட்டியவரைவிட அரையடி கூடுதலாக மண்ணடித்து மேடாக்குகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் யாரும் தவறு செய்யவில்லை. உங்கள் பொறியாளர் சொன்னதும் சரியான யோசனைதான். ஆனால் நீங்கள் கட்டுவதற்கு முன் அந்தக் காலி மனைதான் பக்கத்து வீட்டுப் பெரியவரின் மழைநீரையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தது. இப்போது அது நிமிர்ந்து நின்று தன் நீரையும் அவர் பக்கம் தள்ளுகிறது.

தாழ்ந்த வீட்டுக்குள் தண்ணீர் எப்படி வருகிறது என்பதை மேட்டு வீட்டுக்காரர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அது வாசல் வழியாக வருவதற்கு முன்பே குளியலறைச் சாக்கடைத் துளை வழியாகக் கொப்பளித்துக்கொண்டு வரும். நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பில் தெருத் தண்ணீர் கலந்துவிடும். வெள்ளம் வடிந்த பிறகும் அதை இறைத்துக் கழுவி முடிக்கும்வரை நல்ல தண்ணீருக்கு லாரியைத்தான் நம்ப வேண்டும். அந்தத் தெருவின் பழைய வீடுகளை இனிமேல் கவனித்துப் பாருங்கள்: வாசற்படிக்குக் குறுக்கே முழங்கால் உயரச் செங்கல் தடுப்பு, சுவரில் இரும்புத் தாங்கி அடித்து மார்பளவுக்கு மேலே ஏற்றிய மோட்டார், ஆண்டு முழுவதும் செங்கல் மேலேயே நிற்கும் குளிர்பதனப் பெட்டி. இப்படி வாழ்கிறவரிடம் ஐப்பசி அடைமழையில் முறுக்கையும் அதிரசத்தையும் நீட்டினால், வாங்கிக்கொள்வதே பெரிய மரியாதை.

நீங்கள் டெல்டாக்காரர் என்பதால் உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. மேல் வயல்காரர் யாரையும் கேட்காமல் வரப்பை உயர்த்தி, வடிகிற மடையையும் அடைத்துவிட்டு, கீழ் வயல்காரருக்குப் பொங்கல் கரும்பு கொடுத்தனுப்பினால் என்ன நடக்குமோ அதுதான் இங்கேயும் நடந்திருக்கிறது. உங்கள் வரப்பு பேஸ்மட்டம். நீங்கள் அடைத்த மடை அந்த ராம்ப். நான்கடி உயரத்துக்குக் கார் ஏற வேண்டுமானால் சாய்தளம் நீளமாகத்தான் வரும். அது கதவுக்கு வெளியே நீண்டு, தெருவோரம் நீர் ஓடும் வழியின் மேலேறி உட்கார்ந்திருக்கும். மாநகராட்சி அதை இடித்தது முறைதான். புகார் கொடுத்தவர் யாரென்று தேடாதீர்கள்.

சட்டத்தைச் சொல்லி யாராவது உங்களை உசுப்பிவிடலாம் என்பதால் இதையும் எழுதுகிறேன். மேட்டு நிலத்தில் விழும் மழை இயல்பாகத் தாழ்நிலத்துக்கு ஓடுவதைக் கீழிருப்பவர் தடுக்கக் கூடாது என்று 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் சொல்வது மெய்தான். ஆனால் அது இயற்கையான மேட்டையும் இயல்பான ஓட்டத்தையும் பற்றியது; லாரியில் வந்து இறங்கிய மண்ணை அந்தக் கணக்கில் சேர்ப்பது எளிதல்ல.

செய்ய வேண்டியவை அதிகமில்லை, ஆனால் கொஞ்சம் செலவு பிடிக்கும். இடிபட்ட ராம்ப்பை மீண்டும் வெளியே நீட்டாமல், கதவை உள்ளே தள்ளிச் சாய்தளம் முழுவதையும் உங்கள் மனைக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். கார் சற்றுச் செங்குத்தாக ஏற வேண்டியிருக்கும், ஏறட்டும். மொட்டை மாடித் தண்ணீரை இறக்கும் குழாய்களில் ஒன்றாவது அந்தப் பெரியவர் பக்கச் சந்தில் திறந்துவிடப்பட்டிருந்தால், அதைத் திருப்பி உங்கள் மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் சேருங்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டாயமான அந்தக் குழி, பல வீடுகளில் வரைபடத்தில் மட்டும்தான் இருக்கிறது; உங்கள் வீட்டில் இருக்கிறதா, நீர் உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். சுற்றுச்சுவருக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட இடம் முழுவதும் சிமென்ட் ஓடு பதித்திருந்தால், அவர் பக்கத்திலாவது பெயர்த்துவிட்டு மண்ணை விடுங்கள்.

இவற்றைத் தொடங்குவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போங்கள். இந்த முறை தட்டு வேண்டாம். 2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பக்கம் வடிந்தது என்று கேளுங்கள். வந்து குடியேறியவுடன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. தெருவின் நீரோட்டம் உங்கள் பொறியாளரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். குழாயை எங்கே திருப்புவது என்பதையும் அவரை வைத்துக்கொண்டே முடிவு செய்யுங்கள். தெருவின் வடிகாலைத் தூர்வாரக் கோரி மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணுக்குச் சொல்வது, வட்டார அலுவலகத்துக்கு மனு எழுதுவது போன்றவற்றில், ஓய்வு பெற்ற வங்கி அலுவலரின் கையெழுத்தும் பொறுமையும் அந்தத் தெருவுக்கு நிஜமாகவே பயன்படும்.

கும்பகோணத்து ரசத்தைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? அந்தப் பழைய தெருக்களில் வீடுகள் பொதுச்சுவரில் ஒட்டி, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பவை. ஒருவர் மட்டும் உயர முடியாத அமைப்பு அது. அங்கேயும் கொல்லைச் சாக்கடைக்காக மூன்று தலைமுறை பேசாதவர்கள் இருந்தார்கள். நீங்கள் பிறந்தபோதே யார் யாரோடு பேசுவதில்லை என்பது உங்களுக்குச் சொல்லித் தரப்பட்டுவிட்டதால் அது உறுத்தவில்லை. இங்கே அதையும் நீங்களேதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் அந்தப் பெரியவர் பேசாமலே இருக்கலாம். உங்களுக்கு முன்னால் மேடாக்கிய வேறு இரண்டு வீட்டாரின் கணக்கும் உங்கள் தலையில் விழுந்திருக்கக்கூடும். அதைத் தீர்ப்பது உங்கள் பொறுப்பில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆவணிக்குள் ராம்ப் வேலையையும் குழாய் வேலையையும் முடித்துவிடுங்கள். புரட்டாசியில் கொத்தனார் கிடைத்தாலும் மழை முந்திக்கொள்ளும்.