வாத்தியம் வீட்டுக்குப் போகட்டும்

வணக்கம் ஐயா,

சாட்ஸ்வர்த் ஃபிளாட்ஸ் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் சின்ன கிடார் மாதிரி இருக்கும் யுகுலேலேயைச் சொல்லித்தருவதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நம் டர்பனிலேயே, இங்கே ஃபீனிக்ஸில் எங்கள் கோயில் கூடத்திலும் அப்படி ஒரு வகுப்பு தொடங்க இருக்கிறோம். 15 யுகுலேலே வாங்கப் பணம் சேர்ந்துவிட்டது. ஆனால் கமிட்டியில் இரண்டு பேச்சு. வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் எண்ணிப் பீரோவில் வைத்துப் பூட்டவேண்டும், கொடுத்தனுப்பினால் திரும்பி வராது என்கிறார்கள். பெரியவர்களோ, கோயிலில் சொல்லித்தருவதானால் வீணை, வயலின் சொல்லித்தரலாமே, விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும் இது எதற்கு என்று கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

பூட்டாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், இதை மட்டும் கமிட்டியில் எப்படியாவது பேசி வாங்கிவிடுங்கள்.

முதல் வருடம் நாங்களும் பூட்டித்தான் வைத்தோம். புது நைலான் தந்தி இழுபட்டுக்கொண்டே இருக்கும், வாசித்து வாசித்துத்தான் நிலைக்கும். பீரோவில் ஆறு நாள் கிடந்ததை எடுத்தால் ஒவ்வொன்றும் ஒரு சுருதியில் நிற்கும். ஒரு மணி நேர வகுப்பில் பாதி, தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகுவதிலேயே போய்விடும். பிள்ளைகள் அதுவரை சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் கை. பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுவதைக் கார்டு என்பார்கள். சி கார்டுக்குக் கடைசித் தந்தியின் மூன்றாவது மெட்டில், அதாவது கழுத்தின் மூன்றாவது குறுக்குக் கம்பியை ஒட்டி, ஒரு விரல் வைத்தால் போதும். ஏ மைனருக்கும் ஒரே விரல். எஃப்புக்கு இரண்டு, ஜி செவனுக்கு மூன்று. முதல் நாளே ஒரு பாட்டின் பாதி வந்துவிடும், பிள்ளைகள் முகம் மலர்ந்துவிடும். ஆனால் எஃப்பிலிருந்து ஜி செவனுக்குத் தாளம் தவறாமல் மாறுவதற்குத் தினமும் பத்து நிமிடமாவது கை பழகவேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் தொட்டால் வராது. எங்கள் பிள்ளைகள் வகுப்பை விட்டுப்போனது எல்லாம் அந்த இடத்தில்தான். பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம். தவறு எங்களுடையது.

இரண்டாம் வருடம் கொடுத்தனுப்பினோம். 2023 ஞாபகமிருக்கும், மின்வெட்டு மிக மோசமாக இருந்த வருடம். எங்களுக்கு ஒருவர் அன்பாகக் கொடுத்த கீபோர்டு அந்த வருடம் பாதி நாள் ஊமையாகக் கிடந்தது. ஆனால் சாட்ஸ்வர்த் வெஸ்ட்கிளிஃபில் டிவி அணைந்த நேரத்தில், ஃபிளாட் மாடிப்படியில் ஐந்தாறு பிள்ளைகள் உட்கார்ந்து இருட்டில் வாசித்துக்கொண்டிருந்ததை நான் நின்று கேட்டிருக்கிறேன். தமிழ்ப் பிள்ளைகளும் ஜூலுப் பிள்ளைகளும் கலந்து இருந்தார்கள். பெரிய பெண் சின்னவனுக்கு விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என் வகுப்பில் அவள் வாயே திறக்கமாட்டாள்.

திரும்பி வராது என்று கமிட்டி பயப்படுவது பொய்யில்லை. ஒரு பையன் மூன்று வாரம் வெறுங்கையோடு வந்தான். மூன்றாம் வாரம் எல்லார் முன்னாலும் “எங்கேடா உன் யுகுலேலே?” என்று கேட்டுவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வீட்டில் யாரோ விற்றுவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. தேடிப்போனேன். மாடியில் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். போன சாமானின் விலை சில நூறு ராண்ட். அந்தக் கேள்வியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், அல்லது கேட்காமலே இன்னொன்றைக் கையில் கொடுத்திருந்தால், அவன் இன்று எங்களோடு இருந்திருப்பான். இதை நினைக்காத சனிக்கிழமை கிடையாது.

இந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள், இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியின் குரூப் ஏரியாஸ் சட்டத்தில் வீடு வாசலை விட்டு 1960களில் இங்கே தள்ளப்பட்டவர்கள். இப்போதும் பல வீடுகளில் பிள்ளைக்கென்று தனியாக ஒரு அலமாரித் தட்டுகூட இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ‘இது உன்னுடையது’ என்று ஒரு பொருளைக் கொடுக்கும்போது அது எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதை உங்கள் கமிட்டிக்காரர்கள் ஒருமுறை நேரில் பார்க்கவேண்டும்.

பெரியவர்களின் கேள்விக்கு வருகிறேன். வீணையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு டாக்ஸியில் ஏற முடியாது. சோப்ரானோ என்ற சின்ன அளவு யுகுலேலே 21 அங்குலம்தான், பள்ளிக்கூடப் பையோடு மாட்டிக்கொள்ளலாம்.

இது விளையாட்டுச் சாமானும் இல்லை. 1879இல் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் மதேரா தீவிலிருந்து ஹவாய்க்குப் போனது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன போர்த்துகீசியர்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் மூன்று தச்சர்கள், மனுவேல் நூனெஸ், ஆகஸ்டோ டியாஸ், ஜோஸே தோ எஸ்பிரித்தோ சாந்தோ, தங்கள் ஊரின் சின்ன மச்செட்டே வாத்தியத்தை வைத்து அங்கே செய்ததுதான் யுகுலேலே ஆனது. அதற்கு 19 வருடம் முன்னால், 1860 நவம்பர் 16 அன்று, நம் ஆட்கள் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனில் வந்து இறங்கினார்களே, அவர்களும் கரும்புக்குத்தான் வந்தார்கள். எனக்கு இது யாரோ அந்நியருடைய வாத்தியமாகத் தோன்றவேயில்லை.

இன்னொன்றை அவர்களுக்குக் காதால் கேட்கவையுங்கள். யுகுலேலேயின் நான்கு தந்திகள் ஜி, சி, ஈ, ஏ. சி-யை ஷட்ஜமமாக, அதாவது ச-வாக வைத்தால் அவை ப, ச, க, த. ச தந்தியின் இரண்டாவது மெட்டில் விரல் வைத்தால் ரி. சரிகபத, மோகன ராகம் வந்துவிட்டது! எங்கள் பிள்ளைகளுக்கு முதல் மாதமே மோகனத்தின் ஏறுவரிசையான ஆரோகணமும் இறங்குவரிசையான அவரோகணமும் வந்துவிடும். கோயிலில் தேவாரம் பாடும் ஒரு தாத்தா அதைக் கேட்டபிறகு, வாராவாரம் வந்து பிள்ளைகளுக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுக்கிறார்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விரல் வைக்காமல் ஒரு முறை, 12ஆவது மெட்டில் வைத்து ஒரு முறை மீட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே ஸ்வரமாக, கீழும் மேலுமாகச் சேரவேண்டும். சேராவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்கவேண்டாம். பல்சக்கரம் வைத்த பிரடையாக இருக்கட்டும். மற்றது பிள்ளைகள் கையில் நிற்காது. பழைய புடவையில் பை தைத்து, ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயரைப் போட்டுவிடுங்கள். முன்பணம், கையெழுத்து எதுவும் கேட்காதீர்கள். 12 பிள்ளைகளோடு தொடங்கினால் மூன்று கைவசம் இருக்கும். உடைந்ததைக் கொண்டுவரும் பிள்ளையும் வெறுங்கையோடு வரும் பிள்ளையும் அன்றைக்கே வாசிக்கலாம்.

நாளைக் குறித்ததும் சொல்லுங்கள். முந்தின நாள் மாலையே வந்து எல்லாவற்றுக்கும் சுருதி சேர்த்துவைக்கிறேன். புதுத் தந்தி, காலையில் இறங்கித்தான் இருக்கும். சீக்கிரம் வந்துவிடுங்கள், சேர்ந்து இன்னொரு முறை பார்த்துவிடலாம்.