அம்மா ஏன் ஸ்காபரோவுக்கே போகிறார்?

வணக்கம் ஐயா,

நாங்கள் கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்திலுள்ள மார்க்கம் நகரில் இருக்கிறோம். வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய சூப்பர்மார்க்கெட் இருந்தும், அம்மா மீனும் மரக்கறியும் வாங்க ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிலுள்ள தமிழ்க் கடைக்குத்தான் போவார். ஒன்லைனில் எடுத்துத் தாறன் என்றாலும் கேட்கிறாரில்லை. முப்பது வருடமாகியும் இந்த நாட்டோடு ஒட்டாத மனமா இது? சவர்க்காரமும் டிஷ்யூவும் வாங்க மட்டும் கொஸ்ற்கோ என்ற பெரிய மொத்தக் கடைக்குத் தவறாமல் போகிறார்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

ஒட்டாத மனம் என்றால் கொஸ்ற்கோவுக்கும் போயிருக்க மாட்டார். சவர்க்காரம், சப்பாத்து, குளிர்ச்சட்டை எல்லாம் எங்கள் வீடுகளில் முதல் பனிக்காலத்திலேயே மாறிவிட்டன. அவற்றை வாங்க விலைச்சீட்டை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

மீன் அப்படியில்லை. சூப்பர்மார்க்கெட்டில் பெரும்பாலும் தலையும் தோலும் போன துண்டுகள்தான். செவுளின் நிறத்தையும் கண்ணின் தெளிவையும் பார்த்து வாங்கிப் பழகியவருக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது? தமிழ்க் கடையில் விளைமீனைத் தொட்டுப் பார்க்கலாம். "குழம்புக்கு வெட்டுங்கோ, தலையையும் போடுங்கோ" என்றால் வெட்டுகிறவருக்கு விளங்கும். ஊரில் பல வருடம் பழகிப் பெற்ற அறிவு அந்த இடத்தில்தான் செல்லுபடியாகிறது. இங்கே வந்து வேலையிலும் மொழியிலும் தன் அறிவுக்கு மதிப்பில்லாமல் போனதைக் கண்ட தலைமுறைக்கு இது சின்ன விஷயமில்லை.

நகையிலும் இதைப் பார்க்கிறேன். இங்குள்ள பொதுவான நகைக்கடைகளில் 10, 14 கரட்தான் அதிகம். 14 கரட்டில் பொன் 58.5 சதவீதம், 22 கரட்டில் 91.6. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் காணியையும் வீட்டையும் விட்டு வந்தவர்களில் எத்தனையோ பேர் நகையை அடைவு வைத்துத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்குக் காசு கட்டினார்கள். அவர்கள் 22 கரட் கேட்பதை வீண் பகட்டென்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் எல்லாவற்றையும் பண்பாட்டின் கணக்கில் எழுதவும் வேண்டாம். ஒன்ராறியோவில் 4 லீற்றர் புதுப்பால் மூன்று பைகளில் கிடைக்கிறது. அப்படியிருந்தும் தேத்தண்ணிக்குப் பால்மாதான் வேண்டும் என்கிற வீடுகள் உண்டு. இலங்கையிலேயே அது பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து இறக்குமதியாகிற சாமான். அந்த ருசியில் வளர்ந்தோம், அவ்வளவுதான்.

அரிசி மூட்டையையும் பருப்பையும் நீங்கள் ஒன்லைனில் எடுத்துக் கொடுங்கள். அவற்றைத் தூக்குவதுதான் அந்த வயதில் கஷ்டம். மீனையும் முருங்கைக்காயையும் அம்மாவே தெரிந்து வாங்கட்டும். முடிந்த சனிக்கிழமைகளில் காரில் கூட்டிக்கொண்டு போங்கள்.